எப்போதும் களைப்பு, கேட்டால் "குழந்தை இருந்தால் அப்படித்தான்". உடம்பைக் கவனிக்க எங்கிருந்து தொடங்குவது?

வெண்மேகம் எழுதியது:

வணக்கம் தோழிகளே. கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன். எனக்கு இரண்டு பிள்ளைகள், பெரியவளுக்கு ஐந்து வயது, சின்னவனுக்கு ஒன்றரை ஆகப்போகிறது. வேலைக்கும் போகிறேன். சின்னவன் பிறந்த பிறகு உடம்பு பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. ஒரு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. தலை சீவினால் முடி கொத்தாக வருகிறது. வலது கை கட்டைவிரலுக்குக் கீழே, மணிக்கட்டுப் பக்கம், அவனைத் தூக்கும்போதெல்லாம் சுரீர் என்று இழுக்கிறது. மாதவிடாய் வந்தால் முதல் மூன்று நாட்கள் எங்கும் போக முடிவதில்லை, அவ்வளவு போகிறது. மதியத்துக்கு மேல் கண் தானாக மூடுகிறது.

வீட்டில், வேலையிடத்தில், யாரிடம் சொன்னாலும் ஒரே பதில்தான், சின்னக் குழந்தை இருக்கும் வீடு அப்படித்தான் இருக்கும், நீ கொஞ்சம் நடந்தால் எல்லாம் சரியாகிவிடும். நடக்க எனக்கும் ஆசைதான், ஆனால் எந்த நேரத்தில்? சின்னவன் இரவில் இரண்டு தடவையாவது எழுகிறான். காலையில் எல்லோரையும் கிளப்பிவிட்டு நான் கிளம்பும்போதே பாதி நாள் முடிந்த மாதிரி இருக்கிறது.

உடற்பயிற்சி, சாப்பாடு, தூக்கம், டாக்டர் என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் என்னால் பிடிக்க முடியாது. முதலில் எதைப் பிடிப்பது? இதைக் கடந்து வந்தவர்கள் சொல்லுங்கள்.

காலைத்தென்றல் எழுதியது:

வெண்மேகம், முதலில் நீங்கள் இதைக் கேட்டதே நல்லது. என் அனுபவத்தில் ஒரே வழி, வீடு எழும்புவதற்கு முன்னால் எழுந்துவிடுவது. நான் நாலரைக்கு எழுந்து முக்கால் மணி நேரம் வேகமாக நடந்துவிட்டு வருவேன். அந்த நேரத்தில் யாரும் அம்மா என்று கூப்பிட மாட்டார்கள். முதல் வாரம் கஷ்டமாக இருக்கும், அப்புறம் உடம்பே பழகிவிடும். நேரம் தானாகக் கிடைக்காது, நாம்தான் உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

கல்மரம் எழுதியது:

காலைத்தென்றல் சொல்வது நல்ல மனதோடுதான், ஆனால் வெண்மேகம் எழுதியதை இன்னொரு தடவை படியுங்கள். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, மாதவிடாய் அதிகம், முடி கொட்டுகிறது, பகலெல்லாம் களைப்பு. நான் பல வருடங்களாக நர்ஸாக இருக்கிறேன். இப்படி ஒருவர் வந்து உட்கார்ந்தால் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பாமல் நடக்கச் சொல்லி அனுப்ப மாட்டோம்.

முதலில் ஹீமோகுளோபின். கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுக்கிறது. ஆனால் இங்கேதான் நிறையப் பேர் தவறவிடுகிறார்கள்: ஹீமோகுளோபின் 12-க்கு மேலே இருந்தாலும் உடம்பில் இரும்புச் சத்தின் சேமிப்பு காலியாக இருக்கலாம். அந்தச் சேமிப்பைக் காட்டுவது ஃபெரிட்டின் என்ற பரிசோதனை. கர்ப்பம், பிரசவத்தில் போன ரத்தம், அப்புறம் மாதாமாதம் போவது, இவை எல்லாம் முதலில் சேமிப்பைத்தான் காலி செய்யும், ஹீமோகுளோபின் கடைசியில்தான் குறையும். ஆகவே "ரத்தம் பார்த்தோம், நார்மல்" என்று யாராவது சொன்னால், ஃபெரிட்டின் பார்த்தீர்களா என்று கேளுங்கள். சளி, காய்ச்சல், வீக்கம் ஏதாவது இருக்கும்போது ஃபெரிட்டின் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும், அதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது தைராய்டு, டிஎஸ்ஹெச் பரிசோதனை. பிரசவமான முதல் வருடத்துக்குள் சிலருக்குத் தைராய்டு சுரப்பியில் அழற்சி வரும். முதலில் படபடப்பு, எடை இறங்குவது, தூக்கம் வராதது என்று இருக்கும், சில மாதம் கழித்து அப்படியே தலைகீழாகிச் சோர்வு, எடை ஏறுவது, மலச்சிக்கல், முடி கொட்டுவது என்று மாறும். பலருக்குத் தானாகச் சரியாகிவிடும், சிலருக்கு நிரந்தரமாகத் தங்கிவிடும். இந்த அறிகுறி ஒவ்வொன்றுக்கும் "குழந்தை இருக்கிறதே" என்று ஒரு விளக்கம் தயாராக இருப்பதால்தான் யாரும் பார்ப்பதில்லை.

முடியைப் பற்றி ஒன்று. பிரசவத்துக்குப் பிறகு மூன்று, நான்கு மாதத்தில் முடி கொட்டுவது இயல்பு, குழந்தைக்கு ஒரு வயது ஆவதற்குள் பெரும்பாலும் நின்றுவிடும். ஒன்றரை வயது ஆகப்போகும்போதும் கொத்தாக வருகிறது என்றால் அதைப் பிரசவத்தின் கணக்கில் எழுத முடியாது.

மாதவிடாயைப் பற்றி இன்னொன்று. மணிக்கு ஒருமுறை, இரண்டு மணிக்கு ஒருமுறை நாப்கின் மாற்ற வேண்டியிருக்கிறதா, பெரிய கட்டிகளாகப் போகிறதா, ஏழு நாளுக்கு மேல் நீடிக்கிறதா? இதில் ஏதாவது ஒன்றுக்கு ஆம் என்றால் அது சிகிச்சை உள்ள பிரச்சினை. இரும்பு மாத்திரையை மட்டும் விழுங்கிக்கொண்டு போக்கைக் கவனிக்காமல் விட்டால், ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான்.

நிழற்குடை எழுதியது:

எனக்கு நாலரை மணி யோசனையில் உடன்பாடு இல்லை, அதைச் சொல்லாமல் போக முடியவில்லை. பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது தூக்கம் வேண்டும். வெண்மேகத்துக்கு இரவில் இரண்டு தடவை தூக்கம் கலைகிறது. அதில் இன்னும் ஒன்றரை மணி நேரத்தை வெட்டி நடந்தால் என்ன ஆகும்? தூக்கம் குறைந்தால் பசி கூடுகிறது, இனிப்புமேல் மனம் போகிறது, சளி சீக்கிரம் பிடிக்கிறது, கோபம் மூக்கு நுனியில் நிற்கிறது.

இங்கே மட்டும் இல்லை, எங்கே பார்த்தாலும் அம்மாக்களுக்குச் சொல்லும் யோசனை எல்லாம் இந்த மாதிரிதான் இருக்கிறது. இன்னும் சீக்கிரம் எழு, இன்னும் திட்டமிடு, இன்னும் கொஞ்சம் உன்னையே கசக்கு. நேரம் எங்கிருந்து வர வேண்டும் என்றால் அவளுடைய தூக்கத்திலிருந்துதான் வர வேண்டும், வீட்டில் வேறு யாருடைய மாலையிலிருந்தும் வரக் கூடாது, ஏன் அப்படி? எனக்கு இதில் கோபமே வருகிறது.

காலைத்தென்றல் எழுதியது:

நிழற்குடை, உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் நான் யாரையும் கசக்கச் சொல்லவில்லை. என் பிள்ளைகள் பெரியவர்கள், இரவு முழுக்கத் தூங்குகிறார்கள், நானும் ஒன்பது மணிக்கெல்லாம் படுத்துவிடுகிறேன். அதனால் எனக்கு அது சரியாக அமைகிறது. அந்த நடை இல்லாவிட்டால் என் நாளே ஓடாது, அதை நான் விட்டுக்கொடுக்கவும் மாட்டேன். கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு இது பொருந்தாது என்பதை ஏற்றுக்கொள்கிறேன். வெண்மேகம், கல்மரம் சொன்ன பரிசோதனைகளை முதலில் செய்துவிடுங்கள்.

விளக்குமாடம் எழுதியது:

நான் பிசியோதெரபிஸ்ட். கட்டைவிரல் வலியைப் பற்றி யாரும் எழுதவில்லை, அதனால் நான் எழுதுகிறேன்.

வெண்மேகம், ஒன்று செய்து பாருங்கள். கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, மற்ற விரல்களால் மூடிக்கொண்டு, முஷ்டியைச் சுண்டுவிரல் பக்கமாக மெதுவாகச் சாயுங்கள். மணிக்கட்டின் கட்டைவிரல் பக்கம் அந்தச் சுரீர் வந்தால், அநேகமாக அங்கே ஓடும் தசைநாண்களின் உறை வீங்கியிருக்கிறது. டி கெர்வான் என்ற சுவிஸ் அறுவை மருத்துவர் 1895-இலேயே இதை விவரித்திருக்கிறார், அவர் பெயரில்தான் இன்றும் இதைச் சொல்கிறோம். கைக்குழந்தை வைத்திருக்கும் அம்மாக்களிடம் இதை வாரம் தவறாமல் பார்க்கிறேன்.

காரணம் நாம் தூக்கும் விதம். குழந்தையின் இரண்டு அக்குளிலும் கையைக் கொடுத்து, கட்டைவிரலை அகல விரித்து, மணிக்கட்டை வளைத்து அப்படியே மேலே இழுக்கிறோம். ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று யாரும் எண்ணுவதில்லை. இனிமேல் ஒரு கையைப் பிட்டத்துக்கு அடியிலும் இன்னொரு கையை முதுகுக்குப் பின்னாலும் கொடுத்து, உள்ளங்கை மேலே பார்க்க, கட்டைவிரல் மற்ற விரல்களோடு ஒட்டியிருக்க, அள்ளித் தூக்குங்கள். குழந்தையை முதலில் உங்கள் நெஞ்சோடு ஒட்டிவிட்டு அப்புறம் நிமிருங்கள். கட்டைவிரலையும் சேர்த்துப் பிடிக்கும் மணிக்கட்டுப் பட்டை கிடைக்கும், சில வாரம் போட்டுக்கொண்டால் பெரும்பாலும் அடங்கும். ஒரே கையில் போனைப் பிடித்துக் கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே இருப்பதையும் அதுவரை குறைத்துக்கொள்ளுங்கள். அடங்கவில்லை என்றால் டாக்டரைப் பாருங்கள், ஊசி உண்டு, அதற்கும் அடங்காதவர்களுக்குச் சின்ன அறுவை சிகிச்சையும் உண்டு.

அடுத்து வயிறு. உடற்பயிற்சி என்றதும் எல்லோரும் வயிற்றைக் குறைக்கத்தான் ஓடுகிறார்கள், படுத்துக்கொண்டு எழுந்து எழுந்து உட்காருகிறார்கள். அதற்கு முன்னால் ஒரு சோதனை. மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, தலையை மட்டும் லேசாகத் தூக்கி, தொப்புளுக்கு மேலே நடுக்கோட்டில் விரலை வைத்து அழுத்துங்கள். இரண்டு விரலுக்கு மேல் இடைவெளியில் இறங்கினாலோ, நடுவில் வயிறு கூரை மாதிரி புடைத்தாலோ, கர்ப்பத்தில் விலகிய வயிற்றுத் தசைகள் இன்னும் சேரவில்லை. அந்த நிலையில் முரட்டுப் பயிற்சி வேண்டாம். மூச்சை வெளியே விட்டுக்கொண்டே அடிவயிற்றை மெதுவாக உள்ளே இழுப்பதில் தொடங்குங்கள். படுக்கையிலிருந்து எழும்போது நேராக எழாமல் பக்கவாட்டில் திரும்பி, கையை ஊன்றி எழுங்கள். பிரசவமாகிப் பத்து வருடம் ஆனவர்களுக்கும் இது பொருந்தும், காலம் கடந்துவிட்டது என்று இதில் ஒன்றும் இல்லை.

தனிப்படகு எழுதியது:

எல்லாம் சரி. "வேறு யாருடைய மாலையிலிருந்து" என்று நிழற்குடை எழுதியதைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. என் வீட்டில் வேறு யாரும் இல்லை. நான், என் மகன், அவ்வளவுதான். என்னைப் போன்றவர்கள் என்ன செய்வது?

என்னிடம் விடை முழுதாக இல்லை, செய்வதை மட்டும் சொல்கிறேன். உட்கார்ந்து சாப்பிடுகிறேன், அதுவும் அவன் சாப்பிடும் அதே நேரத்தில். அவன் தட்டில் மிச்சம் வைத்ததை நின்றுகொண்டே வாயில் போட்டுக்கொள்வதைச் சாப்பாடு என்று நான் கணக்கில் எடுப்பதில்லை. சிறுநீரை அடக்குவதில்லை, இது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் "இதை முடித்துவிட்டுப் போகிறேன்" என்று மணிக்கணக்கில் அடக்குகிற பழக்கம் நம்மில் பலருக்கு இருக்கிறது, சிறுநீர்த் தொற்று வருவதற்கு அது ஒரு வழி.

அப்புறம் பக்கத்தில் இன்னொரு அம்மாவோடு ஒரு ஏற்பாடு. வாரத்தில் ஒரு மாலை இரண்டு பிள்ளைகளும் என் வீட்டில், ஒரு மாலை அவள் வீட்டில். அவளுக்கும் கணவர் வெளியூர் வேலை. அந்த மாலையில் துணி துவைக்கக் கூடாது, கடைக்குப் போகக் கூடாது, டாக்டரிடமோ பல் டாக்டரிடமோ நடைக்கோ தூங்கவோ மட்டும்தான் என்று இருவரும் பேசி வைத்திருக்கிறோம். முதலில் இதைக் கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. கேட்டதும் அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், அவளும் அதே யோசனையில்தான் இருந்திருக்கிறாள்.

இன்னொன்று, சமையலறைச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். எனக்குத் திடீரென்று உடம்பு முடியாமல் போனால் யாரைக் கூப்பிடுவது, பள்ளியிலிருந்து யார் அழைத்து வரலாம், மகனுக்கு என்ன மருந்து ஒத்துக்கொள்ளாது, என் ரத்த வகை என்ன, நான் எடுக்கும் மாத்திரைகள் எவை. தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்கள் இன்றைக்கே இதை எழுதி ஒட்டுங்கள். மகனுக்கு அந்தத் தாளைப் பார்த்துப் போன் செய்யத் தெரியும்.

ஈரிலை எழுதியது:

நான் ஒரு அப்பா, இந்த இழையை மனைவி அனுப்பிப் படிக்கச் சொன்னாள். அப்பாக்களுக்கு மட்டும் இரண்டு வார்த்தை.

எங்கள் வீட்டில் பிள்ளைகளின் தடுப்பூசித் தேதி இருக்கும் அதே நாள்காட்டியில் அவளுடைய பரிசோதனைத் தேதியும் இருக்கிறது. தடுப்பூசியை யாரும் "வேலை இருக்கிறது, அடுத்த மாதம் பார்க்கலாம்" என்று தள்ளுவதில்லை இல்லையா, அதே மாதிரி இதையும் தள்ளுவதில்லை. வாரத்தில் இரண்டு மாலை அவளுடையது. அந்த நேரத்தில் குழந்தையின் கரண்டி எங்கே, நீல நிறச் சட்டை எங்கே, எத்தனை சொட்டு மருந்து என்று போன் போடாதீர்கள். வீட்டில் இருப்பது வீட்டில்தான் இருக்கும், தேடினால் கிடைக்கும். மருந்தின் அளவை முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அவள் வெளியே போயும் மனம் வீட்டிலேயே சுற்றிக்கொண்டிருந்தால் அந்த நடையால் என்ன பயன்?

இரவில் குழந்தை எழுந்தால் ஒரு முறை அவள், ஒரு முறை நான் என்று நாங்கள் பிரிக்கவில்லை. அது இருவரையும் கெடுத்தது. நள்ளிரவுக்கு முன் எழுந்தால் என் பொறுப்பு, பின் எழுந்தால் அவள் பொறுப்பு, வார இறுதியில் மாற்றிக்கொள்வோம். இருவருக்கும் சேர்ந்தாற்போல் நான்கைந்து மணி நேரம் கலையாத தூக்கம் கிடைக்கிறது. தாய்ப்பால் குடிக்கும் குழந்தை என்றால் பால் கொடுப்பதை மட்டும் அவள் செய்யட்டும், தூக்கி வருவது, துணி மாற்றுவது, மறுபடி தூங்கவைப்பது எல்லாம் நம்மால் முடியும்.

நிழற்குடை எழுதியது:

ஈரிலை, நன்றி. அந்தக் "கரண்டி எங்கே" போன் என் வீட்டிலும் வரும், உங்கள் பதிவை அப்படியே அனுப்பிவிட்டேன். தனிப்படகு, உங்களைப் புண்படுத்த நினைத்து எழுதவில்லை, உங்கள் மாலை ஏற்பாட்டை எங்கள் தெருவில் இருவரிடம் சொல்லியிருக்கிறேன்.

முதுவேனில் எழுதியது:

எனக்கு ஐம்பத்திரண்டு வயது, பிள்ளைகள் கல்லூரியில். இளம் அம்மாக்கள் பேசுமிடத்தில் நடுவே வருகிறேன், ஆனால் சொல்லியே ஆக வேண்டிய ஒன்று இருக்கிறது.

கர்ப்பத்தில் என்ன நடந்தது என்பது பிரசவத்தோடு முடிந்து போவதில்லை. எனக்கு மூத்தவன் வயிற்றில் இருந்தபோது ரத்த அழுத்தம் ஏறி, கால் முகம் எல்லாம் வீங்கி, மாதம் நிறைவதற்கு முன்னால் எடுத்தார்கள். குழந்தை நலம், அம்மா நலம் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், அப்புறம் யாரும் அதைப் பற்றிப் பேசவே இல்லை. அப்படிக் கர்ப்பகால ரத்த அழுத்த நோய் வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் மாரடைப்பு, பக்கவாதம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு, நிரந்தர பிபி வரும் வாய்ப்பு அதைவிடவும் அதிகம். இதை நான் நாற்பத்தைந்து வயதில் தலைசுற்றி விழுந்தபோதுதான் ஒரு டாக்டர் சொன்னார். முந்தைய டாக்டர்களில் ஒருவராவது "வருடத்துக்கு ஒருமுறை பிபி பார்த்துக்கொள்ளம்மா" என்று சொல்லியிருக்கலாம். எனக்கு இன்னும் அந்த வருத்தம் போகவில்லை.

அதேபோல் கர்ப்பத்தில் சர்க்கரை வந்தவர்கள். பிரசவமானதும் சர்க்கரை இறங்கிவிடும், எல்லோரும் மறந்துவிடுவார்கள். ஆனால் பிரசவமாகி 4 முதல் 12 வாரத்துக்குள் குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் பரிசோதனை ஒன்று செய்ய வேண்டும், அது நன்றாக வந்தாலும் அதற்குப் பிறகு ஆயுள் முழுக்க ஒன்று முதல் மூன்று வருடத்துக்கு ஒருமுறை சர்க்கரை பார்க்க வேண்டும். அவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு பல மடங்கு அதிகம். சரியாக அந்த 4 முதல் 12 வாரத்தில்தான் ஒரு பெண் குளிக்கக்கூட நேரமில்லாமல் இருப்பாள், அதனால்தான் அந்தப் பரிசோதனை இவ்வளவு பேருக்குத் தவறுகிறது. அந்த வாரங்களில் குழந்தையின் தடுப்பூசிக்குப் போகும் நாளிலேயே உங்களுக்கும் ரத்தம் எடுக்க முடியுமா என்று கேளுங்கள்.

முப்பது வயது தாண்டியவர்கள் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையை மறக்காதீர்கள். அந்தப் புற்றுநோய்க்குக் காரணமான வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கும் ஹெச்பிவி பரிசோதனையை முப்பதில் தொடங்கி 5 முதல் 10 வருடத்துக்கு ஒருமுறை செய்யலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. எத்தனை வருடத்துக்கு ஒருமுறை செய்கிற பரிசோதனை, அதற்குமா நேரம் இல்லை? வலிக்கும் என்று பயப்பட வேண்டாம், கொஞ்சம் அசௌகரியம், சில நிமிடம், அவ்வளவுதான். அது நோயாக மாறுவதற்குப் பல வருடங்கள் முன்னாலேயே கண்டுபிடித்துத் தடுக்கக்கூடிய புற்றுநோய். பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தியை அதில் இழந்திருக்கிறேன், கடைசி மகளுக்கு அப்போது ஒன்பது வயது.

மாரடைப்பு என்றால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுவது என்றுதான் நினைக்கிறோம். பெண்களுக்கு நெஞ்சுவலியோடு, சில நேரம் அதுவே இல்லாமலும், மூச்சுத்திணறல், குமட்டல், தாடை வலி, முதுகு வலி, காரணமில்லாத கடும் களைப்பு என்று வரலாம். திடீரென்று அப்படி வந்தால் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டுப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள், உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

காலைத்தென்றல் எழுதியது:

எனக்குக் கர்ப்பத்தில் சர்க்கரை இருந்தது. அதற்குப் பிறகு பார்க்கவே இல்லை, யாரும் சொல்லவும் இல்லை. நாளைக்கே போகிறேன். நன்றி அம்மா.

வெண்மேகம் எழுதியது:

ஒரு வாரமாகப் படித்துக்கொண்டே இருந்தேன், பதில் எழுத முடியவில்லை. பரிசோதனை முடிவு வந்துவிட்டது. ஹீமோகுளோபின் 11.2, ஃபெரிட்டின் 6. தைராய்டு சரியாக இருக்கிறது. ரத்தப்போக்கைப் பற்றிச் சொன்னதும் ஸ்கேன் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். டாக்டர் அந்த 6-ஐச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டு, இதை வைத்துக்கொண்டா வேலைக்கும் போய்க் குழந்தையையும் தூக்கிக்கொண்டு இருந்தீர்கள் என்று கேட்டார். நான் அங்கேயே அழுதுவிட்டேன். சோம்பேறி ஆகிவிட்டேன் என்றுதான் இவ்வளவு நாள் என்னையே திட்டிக்கொண்டிருந்தேன்.

இரும்பு மாத்திரை ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுக்கச் சொல்லியிருக்கிறார். தினமும் எடுத்தால் இன்னும் சீக்கிரம் ஏறாதா? கல்மரம், உங்களுக்குத் தெரிந்திருந்தால் சொல்லுங்கள்.

கல்மரம் எழுதியது:

அழுததில் ஒன்றும் தப்பில்லை. இப்போதாவது பெயர் தெரிந்துவிட்டது, அது போதும்.

உங்கள் டாக்டர் சொன்னது சரிதான். இரும்பு மாத்திரை போட்டதும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கும், அது குடலில் இரும்பு உறிஞ்சப்படுவதை ஏறக்குறைய ஒரு நாள் தடுத்து வைக்கும். ஆகவே மறுநாளே போடும் மாத்திரையில் சேர்வது குறைவு, சேராமல் குடலில் மிஞ்சுவதுதான் வயிற்றைக் கலக்கும். ஒரு நாள் விட்டுப் போட்டால் ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் கூடுதலாகச் சேரும், வயிறும் கொஞ்சம் சும்மா இருக்கும். ரொம்பவே குறைந்தவர்களுக்கு டாக்டர் வேறு மாதிரி சொல்லலாம், ஊசி வழியாகவும் ஏற்றலாம், அதை அவரிடம் விட்டுவிடுங்கள்.

டீ, காபி, பால், கால்சியம் மாத்திரை, இவற்றுக்கும் இரும்பு மாத்திரைக்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள், இவை உறிஞ்சுவதைக் குறைக்கும். எலுமிச்சை மாதிரி வைட்டமின் சி உள்ளதோடு சேர்த்து எடுத்தால் நல்லது. மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதீர்கள். மாத்திரைகளைக் குழந்தைகள் கைக்கு எட்டாத பூட்டிய இடத்தில் வையுங்கள், இதைத் தயவுசெய்து கவனமாகக் கேளுங்கள், பெரியவர்களின் இரும்பு மாத்திரை சில எண்ணிக்கையிலேயே சின்னக் குழந்தைக்கு உயிராபத்து.

முக்கியமான ஒன்று: இரண்டு மாதத்தில் ஹீமோகுளோபின் 12 தாண்டிவிடும், நீங்களும் தெம்பாக உணர்வீர்கள், அங்கேயே நிறுத்திவிடாதீர்கள். சேமிப்பு நிரம்ப அதற்குப் பிறகும் ஏறக்குறைய மூன்று மாதம் தொடர வேண்டியிருக்கும். ஃபெரிட்டினை மறுபடி பார்த்துவிட்டு டாக்டர் சொன்னால் நிறுத்துங்கள்.

விளக்குமாடம் எழுதியது:

வெண்மேகம், ஃபெரிட்டின் 6-இல் இருக்கும்போது வேகமான பயிற்சி எதுவும் வேண்டாம், மெதுவாக நடந்தால் போதும். தெம்பு வந்ததும் என்ன செய்யலாம் என்று இப்போதே சொல்லி வைக்கிறேன்.

வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு, அதோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி, இதுதான் பொதுவான அளவுகோல். முன்பெல்லாம் ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்பார்கள். 2020-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதலில் அந்த நிபந்தனை இல்லை. மூன்று நிமிடம், ஐந்து நிமிடம் எல்லாமே சேரும். முக்கால் மணி நேரம் கிடைக்கவில்லை என்பதற்காக ஒன்றுமே செய்யாமல் இருக்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆனால் வலுவூட்டும் பயிற்சியை விட்டுவிடாதீர்கள், பெண்கள் நடையோடு நிறுத்திக்கொள்வதைத்தான் அதிகம் பார்க்கிறேன். எலும்பின் அடர்த்தி முப்பது வயதுவாக்கில் உச்சத்தில் இருக்கும், மாதவிடாய் நின்ற பிறகு வேகமாகக் குறையும். அதுவரை சேர்த்து வைத்ததுதான் அப்புறம் கை கொடுக்கும். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து கையை ஊன்றாமல் எழுவது, சுவரில் கையூன்றித் தண்டால், குதிகாலைத் தூக்கி இறக்குவது, முதுகை வளைக்காமல் இடுப்பை மடக்கிப் பாரம் தூக்குவது, இந்த நான்கில் தொடங்குங்கள். சுலபமாக வரத் தொடங்கியதும் கையில் எடையைக் கூட்டுங்கள். சுலபமாக இருப்பதையே வருடக்கணக்கில் செய்துகொண்டிருந்தால் தசை வளராது.

மழைக்குருவி எழுதியது:

இங்கே கேட்கலாமா என்று தெரியவில்லை, வேறு எங்கே கேட்பது என்றும் தெரியவில்லை. மூன்று பிரசவம் ஆனவள். தும்மினால், சிரித்தால், குழந்தையைத் தூக்கினால் சிறுநீர் கசிகிறது. கறுப்புக் கால்சட்டைதான் போடுகிறேன் இப்போதெல்லாம். என் அம்மாவிடம் சொன்னேன், எனக்கும் உண்டு, பிள்ளை பெற்றால் இருக்கும் என்றார்.

முதுவேனில் எழுதியது:

தாராளமாகக் கேளுங்கள் கண்ணு. இங்கே படித்துக்கொண்டு பேசாமல் இருப்பவர்களில் பலருக்கு இதே கேள்வி இருக்கும்.

விளக்குமாடம் எழுதியது:

மழைக்குருவி, பலருக்கு இருக்கிறது என்பது உண்மை, அதனால் சகித்துக்கொண்டு இருக்க வேண்டும் என்பது உண்மை இல்லை. சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றையும் கீழிருந்து தாங்கும் தசைகள் பிரசவத்தில் இழுபட்டுத் தளர்ந்திருக்கின்றன, அவற்றுக்கும் பயிற்சி உண்டு. கெகல் என்ற அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் 1948-இல் எழுதியதிலிருந்து அவர் பெயரிலேயே அது வழங்குகிறது.

காற்று வெளியேறாமல் அடக்குவது போலவும், சிறுநீரை நிறுத்துவது போலவும் ஒரே நேரத்தில் உள்ளே, மேல்நோக்கி இழுங்கள். தொடை, பிட்டம், வயிறு இறுகக் கூடாது, மூச்சைப் பிடிக்கக் கூடாது. ஒரு சுற்றுக்கு எட்டு முறை, நாளைக்கு மூன்று சுற்று. தொடக்கத்தில் மூன்று விநாடி பிடித்தால் போதும், போகப்போகப் பத்து விநாடி வரை கொண்டுபோங்கள். ஒவ்வொன்றுக்கும் நடுவில் முழுதாகத் தளர்த்துவதும் பயிற்சியில் சேர்ந்ததுதான். தசை எது என்று கண்டுபிடிக்க ஒருமுறை வேண்டுமானால் சிறுநீர் கழிக்கும்போது நிறுத்திப் பாருங்கள், அதையே வழக்கமாக வைத்துக்கொள்ள வேண்டாம். தும்மல் வரப்போகிறது, குழந்தையைத் தூக்கப்போகிறீர்கள் என்றால் அதற்கு ஒரு கணம் முன்னால் இழுத்துப் பிடியுங்கள்.

மூன்று மாதமாவது விடாமல் செய்ய வேண்டும். முடிந்தால் தொடக்கத்திலேயே இதில் பயிற்சி உள்ள பிசியோதெரபிஸ்டை ஒருமுறை நேரில் பாருங்கள், ஏனென்றால் மேலே இழுப்பதாக நினைத்துக்கொண்டு கீழ்நோக்கி முக்குபவர்கள் நிறையப் பேர், அப்படிச் செய்தால் கசிவு கூடும். பிறப்புறுப்பில் ஏதோ இறங்கி வருவது போன்ற கனம், எரிச்சல், ரத்தம் இருந்தால் பயிற்சிக்குக் காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள்.

மழைக்குருவி எழுதியது:

எரிச்சல், ரத்தம் எதுவும் இல்லை. மாலையில் மட்டும் கீழே கொஞ்சம் கனமாக இருக்கும், நிறைய நேரம் நின்ற நாட்களில். பெரியவளோடு கயிறு தாண்ட ஆசை, அவள் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள். அதைச் செய்யலாமா?

விளக்குமாடம் எழுதியது:

அந்தக் கனத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும், கருப்பையோ சிறுநீர்ப்பையோ லேசாக இறங்கியிருக்கலாம். இந்த வாரமே மகப்பேறு மருத்துவரிடம் நேரம் வாங்குங்கள், "நின்றால் கனம், மாலையில் அதிகம்" என்று இப்போது எழுதிய மாதிரியே சொல்லுங்கள். அதுவரை கயிறு வேண்டாம். அவர் பார்த்துச் சொன்ன பிறகு, தசைக்கு வலு வந்ததும் படிப்படியாகத் தாண்டலாம், என்னிடம் வருபவர்களில் பலர் தாண்டுகிறார்கள். இப்போதைக்கு மகளைத் தாண்டச் சொல்லி நீங்கள் உட்கார்ந்து எண்ணுங்கள்.